முத்துப்பார் முதல் வாயுக்கிணறு வரை: மன்னார்க் கடல் அன்றும் இன்றும்

அரிப்புக் கரைக்கு மேற்கே கடலடியில் கிடக்கும் முத்துப்பார்களுக்குப் பெரும்பாலும் பத்துப் பாகத்துக்குள்தான் ஆழம். கயிற்றில் ஒரு வலைப்பை, காலடியில் ஒரு கல், நெஞ்சில் அடக்கிய ஒரு மூச்சு: இவ்வளவோடு மனிதன் போய்த் திரும்பக்கூடிய தூரம் அது. 2011இல் அதே மன்னார்க் குடாவின் ஆழ்பகுதியில் 'சிக்கியூ' என்ற யப்பானியத் துளையிடும் கப்பல் வந்து நின்றது. அந்த இடத்தில் நீரின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். கடலடியையும் துளைத்து, மொத்தம் 3,000 மீற்றரைத் தாண்டிய ஆழத்தில்தான் இலங்கையின் முதலாவது இயற்கை வாயு அகப்பட்டது.

முத்தும் வாயுவும் ஒரே கடலின் செல்வங்கள். அன்று முத்துக்காகக் கரைக்கு வந்தவர்களும் இன்று வாயுவுக்காக வருபவர்களும் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: கீழே எவ்வளவு இருக்கிறது? இறங்கி எடுப்பவனுக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு அன்று எல்லோரும் அறிந்த ஒரு பதில் இருந்தது. கரையில் வாழ்பவனுக்கு என்ன பங்கு என்ற கேள்வியை இன்று யாரும் உரக்கக் கேட்பதில்லை. வாயு இன்னும் கடலுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகவே அதைக் கேட்டுவிட இப்போதும் நேரம் இருக்கிறது.

சலாபக் காலம்

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகியவை ஆண்டின் பெரும்பகுதி மணலும் பற்றையுமாகக் கிடந்த இடங்கள். பார்களில் சிப்பி முற்றிவிட்டது என்று அரசு அறிவித்த ஆண்டுகளில் மட்டும் அங்கே ஓர் ஊர் முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வந்து சேர்வார்கள். பின்னாலேயே முத்து வணிகர், வட்டிக்குக் கொடுப்பவர், கடைக்காரர், காவலர். ஆயிரக்கணக்கான ஓலைக் குடிசைகள் எழும்பி, சில வாரங்களில் 'சலாபம்' எனப்படும் முத்துக்குளிப்பு முடிந்ததும் பிரிக்கப்பட்டுவிடும். பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் இந்த வருமானத்தைப் பக்கத்திலிருந்தே பார்க்க அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். 'டொரிக்' என்று அழைக்கப்படும் அந்தக் கட்டடத்தின் சுவர்களைக் கடல் இன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

நள்ளிரவு தாண்டியதும் தரைக்காற்றில் வள்ளங்கள் புறப்படும். விடியும்போது பாரின் மேல் நிற்கும். சுழியோடி கல்லில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து விர்ரென்று இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டுக் கயிற்றை இழுப்பான். மேலே நிற்கும் துணையாள் இழுத்து வள்ளத்தில் ஏற்றுவான். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' இல்லாமல் பல சுழியோடிகள் நீரில் இறங்கவே மாட்டார்கள். அரசும் அதை ஏற்றுக் கடல்கட்டிக்குப் பங்கு ஒதுக்கியது. பகல் ஏறியதும் கடற்காற்றில் வள்ளங்கள் திரும்பும்.

கரையில் 'கொட்டு' என்ற வேலியடைத்த வளவு இருந்தது. வள்ளத்துச் சிப்பி முழுவதும் அங்கே போக வேண்டும். அதைச் சுழியோடிகளே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அரச அலுவலர் வந்து தமக்கு வேண்டிய இரண்டைக் காட்டுவார். மிஞ்சிய ஒன்று சுழியோடிகளுக்கு. பிரிப்பவனுக்குத் தெரிவு இல்லை, தெரிபவனுக்குப் பிரிக்கும் உரிமை இல்லை. ஆகவே மூன்று குவியலும் ஒரே அளவாக இருப்பது இருவருக்குமே நல்லது. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இந்தக் கொட்டுக்களில் நின்று வேலை பார்த்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வூல்ப். அரசின் இரண்டு பங்கும் மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

இதை இனிய காலம் என்று சொல்ல வரவில்லை. வாங்கிய சிப்பியை நாட்கணக்கில் அழுகவிட்டு, சதையைப் புழு தின்ற பிறகு கடல்நீரில் அலசித்தான் முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றமும் ஈயும் முகாமை மூடியிருக்கும். வாந்திபேதி எப்போதும் மிரட்டும். சுழியோடியின் மூன்றிலொரு பங்கிலும் வள்ளக்காரனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் போக மிஞ்சியதே அவனுக்கு. இருந்தும் ஒரு நியாயம் அங்கே இருந்தது. எடுத்தது எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்பது அன்றன்றைக்கே, எடுத்தவன் கண்ணெதிரே, கரையிலேயே தீர்ந்தது.

வாரி எடுத்ததன் விலை

1905ஆம் ஆண்டுச் சலாபம் எல்லாக் கணக்கையும் மிஞ்சியது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வந்தது. அந்த வெற்றியின் சூட்டிலேயே அடுத்த ஆண்டு முத்துப்பார்கள் அனைத்தும் லண்டனில் பதிவான ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. தொடக்கத்தில் சிப்பி கிடைத்தது. பிறகு பார்கள் வெறுமையாயின. 1912இல் கம்பனியே கலைந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் அரசின் அழைப்பில் வந்து, ஜேம்ஸ் ஹோர்னல் துணையோடு இந்தப் பார்களை ஆராய்ந்து பல தொகுதிகள் எழுதினார். சிப்பிக்குஞ்சு எங்கே ஒட்டுகிறது, மணல் எப்படி மூடுகிறது, எந்த மீன் தின்கிறது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. அறிவு கையில் இருந்தும், ஒரு பருவத்து வருமானத்தைப் பார்த்து இருபது பருவத்துக்குக் கணக்குப் போட்டார்கள். பிறகு யப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்தது. 1925க்குப் பிறகு அரிப்புக் கரையில் பெருஞ்சலாபம் கூடவில்லை.

முத்துச்சிப்பி காலம் கொடுத்தால் மீண்டும் வளரும் உயிர். வாயு அப்படி வளராது. வளரும் செல்வத்திலேயே அவசரம் இவ்வளவு சேதம் செய்தது என்றால், வளராத செல்வத்தில் எவ்வளவு நிதானம் வேண்டும்?

பேசாலையில் துளையிட்டவர்கள்

எண்ணெய் தேடும் கதை சுதந்திர இலங்கையில் தொடங்குகிறது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியபோது அதற்கு மசகு எண்ணெய் முழுவதும் கப்பலில்தான் வந்தது. 1973இல் உலகச் சந்தையில் விலை பலமடங்கு ஏறியது. சொந்த மண்ணில் எண்ணெய் உண்டா என்ற கேள்வி அப்போது அரிசிக்கு அடுத்த கேள்வியாயிற்று. சோவியத் நிபுணர்களின் உதவியோடு பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டியது. வணிகத்துக்கு உதவும் எண்ணெய் கிடைக்கவில்லை.

ஆனாலும் நம்பிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. பண்டைய கொண்டுவானா நிலம் பிளந்து இந்தியாவும் இலங்கையும் சற்றே விலகியபோது இடையில் உண்டான பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணும் உயிர்ச்சேறும் படிந்தன. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையும் பாக்கு நீரிணையும் மன்னார்ப் படுகையும் இப்படிப் பிறந்த உடன்பிறப்புகள். அந்தப் பக்கத்தில் நரிமணத்தில் எண்ணெயும் இராமநாதபுரம் பகுதியில் வாயுவும் கிடைத்தன. அந்தக் கரையில் இருப்பது இந்தக் கரையில் ஏன் இருக்கக்கூடாது?

கடலைத் தோண்ட வேண்டுமானால் அது யாருடைய கடல் என்பது முதலில் தெரிய வேண்டும். 1974இல் பாக்கு நீரிணைக்கும் 1976இல் மன்னார்க் குடாவுக்கும் இந்தியாவும் இலங்கையும் எல்லை வகுத்தன. கச்சதீவின் பெயரால் மட்டும் இன்று பேசப்படும் அந்த ஒப்பந்தங்களில் கடலடிச் செல்வத்தின் உரிமையும் அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்திலும் 1980களின் தொடக்கத்திலும் வெளிநாட்டுக் கம்பனிகள் பாக்கு நீரிணைப் பக்கத்திலும் மன்னார்க் குடாவிலும் சில கிணறுகள் துளைத்தன. குடாவில் துளைத்த கிணற்றுக்கு 'பேர்ள்-1' என்று முத்தின் பெயரையே வைத்தார்கள். அதுவும் வெறுங்கிணறாகவே முடிந்தது. 1983க்குப் பிறகு போர் எல்லாத் தேடலையும் நிறுத்திவிட்டது.

கரையில் ஆளில்லாதபோது நடந்த ஏலம்

2001இல், போர்நிறுத்தம் கைகூடுவதற்குச் சற்று முன்பு, ஒரு நோர்வேக் கம்பனி மன்னார்க் கடலில் நிலநடுக்க அலை ஆய்வைத் தொடங்கியது. கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் நீருக்குள் ஒலியை வெடிக்கச் செய்யும். ஒலி பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, எந்த ஆழத்தில் எந்த அமைப்பு இருக்கிறது என்று வரைவார்கள். அந்த வரைபடங்கள் நம்பிக்கை தந்தன. 2003இல் பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. 2007இல் மன்னார்ப் படுகை துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு ஏலம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என்று அரசுகளுக்கிடையே ஒதுக்கும் பேச்சும் நடந்தது. 2008 ஜூலையில் கெய்ர்ன் நிறுவனத்தின் இலங்கைக் கிளை முதல் துண்டுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

அந்த நாட்களில் இந்தக் கரையில் யார் இருந்தார்கள்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முத்துக்குளிப்பின் ஊர்களான சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்துக் குடும்பங்களும் கையில் எடுத்ததோடு புத்தளத்துக்குப் போயின. 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றியது. முசலிப் பிரிவில் மிஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. முள்ளிக்குளத்து மக்களின் நிலத்தில் கடற்படைத் தளம் வந்தது. 2008 ஜூலையில் மன்னாரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மீனவர் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. போனாலும் கரையிலிருந்து சொற்ப தூரந்தான்.

கடலடியைப் பங்கு போட்ட ஆண்டுகளில் அந்தக் கடலின் மக்கள் அகதி முகாம்களிலும் பாதுகாப்பு வளையங்களிலும் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. மன்னார் வாயுவின் வரலாற்றை எழுதும் எவரும் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

கிடைத்ததும் கைவிட்டதும்

2011 ஒக்டோபரில் 'டொராடோ' என்று பெயரிட்ட கிணற்றில் ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்புள்ள மணற்பாறை அடுக்கில் வாயு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே 'பரக்குடா' கிணற்றில் இன்னொரு கண்டுபிடிப்பு. அது 4,000 மீற்றருக்கும் கீழே, எரிமலைப் பாறைகளோடு கலந்துகிடந்த மணற்பாறையில் இருந்தது. எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்குகள் ஒலி அலையைச் சிதறடிக்கும். அதனால் மன்னாரின் ஆழத்தைப் படம் பிடிப்பது மற்றப் படுகைகளைவிடக் கடினம். டொராடோவுக்கு அருகே துளைத்த இன்னொரு கிணறு வெறுமை. 2013இல் துளைத்த நான்காவதும் வெறுமை.

நான்கில் இரண்டு கிடைத்தது, புதுப்படுகை ஒன்றுக்கு மிக நல்ல விளைவு. இருந்தும் 2015இல் கெய்ர்ன் விலகிப் போய்விட்டது. 2014இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்திருந்தது. ஆழ்கடலிலிருந்து வாயுவை எடுக்கக் கோடிக்கணக்கான டொலர் முதலிட வேண்டும். கரையில் அதை வாங்கி எரிக்கக் குழாய்வழியோ சந்தையோ இல்லை. எண்ணெயைத் தாங்கியில் நிரப்பி உலகில் எங்கும் விற்கலாம். வாயுவுக்கு வாங்குபவன் முதலில் வேண்டும். கெரவலப்பிட்டியில் வாயுவை எரிக்கத் தக்கதாகக் கட்டப்பட்ட மின் நிலையங்கள் வந்த பிறகும், அவை திரவ எரிபொருளிலேயே ஓடின.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒலி அலைப் படத்தைப் பார்த்து 'இவ்வளவு இருக்கலாம்' என்பது ஒரு மதிப்பீடு. துளையிட்டுப் பார்த்து 'இது இருக்கிறது' என்பது கண்டுபிடிப்பு. இன்றைய விலையில், இன்றைய கருவியால் எடுத்து இலாபத்தோடு விற்கலாம் என்பதுதான் இருப்பு. மன்னாரில் முதலாவது பெரிது, இரண்டாவது சிறிது, மூன்றாவது இன்னும் நிறுவப்படவில்லை. 2021இல் அப்போதைய எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில மன்னார்ப் படுகையின் செல்வம் 26,700 கோடி டொலர் பெறும் என்றார். நாட்டின் வெளிநாட்டுக் கடனைப்போல் பலமடங்கு அது. அந்தத் தொகை முதல் வகையைச் சேர்ந்தது. கேட்டவர்கள் அதை மூன்றாம் வகையாக எடுத்துக்கொண்டார்கள்.

மண்ணெண்ணெய்க்குக் காத்திருந்த வள்ளங்கள்

அடுத்த ஆண்டே உண்மை தெருவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று இலங்கை அறிவித்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. பெற்றோல் வரிசை நகரங்களில் படமாகி உலகெங்கும் போனது. வடக்கின் கரையில் இன்னொரு வரிசை இருந்தது. கண்ணாடியிழைப் படகின் வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். கலனோடு நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. சிலர் பாயும் துடுப்புமாகப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

வாயுப்படுகைக்கு மிக அருகே வாழும் மனிதன் எரிபொருள் இல்லாமல் கரையில் நின்றதே அன்றும் இன்றும் என்ற இந்தக் கதையில் மிகக் கசப்பான காட்சி. கடலடியில் உள்ளது நாட்டின் சொத்து என்று சட்டம் சொல்கிறது. அது சரிதான். ஆனால் சட்டத்தில் எழுதிய சொத்து அவனுடைய கலனில் ஒரு லீற்றராக வந்து சேர எத்தனை ஒப்பந்தம், எத்தனை ஆண்டு, எத்தனை நேர்மை வேண்டும் என்பதை அந்த வரிசை காட்டியது.

2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்து, தேடலை நடத்தத் தனி அதிகாரசபை அமைந்தது. மீண்டும் கம்பனிகளை அழைக்கும் முயற்சி நடக்கிறது. உற்பத்திக் கிணறு என்று ஒன்றுகூட இன்னும் இல்லை.

கரை இப்போது பேசுகிறது

மாறாத ஒன்றும் உண்டு. மாறிய ஒன்றும் உண்டு. மாறாதது, வெளியிலிருந்து மன்னாரை ஒரு களஞ்சியமாகப் பார்க்கும் கண். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாட் 'தம்பபவனி' காற்றாலைகள் சுழலத் தொடங்கின. இன்னும் பல காற்றாலைகள் திட்டமிடப்பட்டன. தீவின் மணலில் உள்ள இல்மனைட்டை அகழவும் கம்பனிகள் வந்தன. மாறியது, மக்களின் குரல். 2025இல் மன்னாரில் மதகுருமாரும் மீனவரும் பெண்களும் நாட்கணக்கில் தெருவில் அமர்ந்து, கேளாமல் எதுவும் கட்டாதீர்கள் என்றார்கள். சனாதிபதி காற்றாலை வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க நேர்ந்தது. 2008இல் முகாமில் இருந்த மக்களில் பலர் இப்போது ஊரில் இருக்கிறார்கள். இனி ஒரு ஏலம் அவர்களைத் தாண்டி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது.

அவர்கள் கேட்க வேண்டியவை கண்மூடித்தனமான எதிர்ப்பாகவும் இருக்க வேண்டியதில்லை, கண்மூடித்தனமான வரவேற்பாகவும் இருக்க வேண்டியதில்லை. இலங்கை நிலக்கரியும் எண்ணெயும் இறக்கிக் கடனாளியாகும் நாடு. சொந்த வாயு, அதிகம் கரி உமிழும் எரிபொருள்களைக் கொஞ்ச காலத்துக்கு மாற்றீடு செய்யும். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னார்க் கடல் கடற்புல்லும் பவளமும் கடற்பசுவும் உள்ள கடல். சங்கும் கடலட்டையும் குளிப்பவர்கள் இன்றும் அதில் இறங்குகிறார்கள். 2021இல் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பல் எரிந்து மூழ்கியபோது மேற்குக் கரை மீனவர் தொழிலை இழந்தார்கள். நூறு கோடி டொலர் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2025இல்தான். விபத்துக்குப் பிறகு நியாயம் தேடினால் நான்காண்டு போதாது என்பதை அந்த அனுபவம் கற்பித்திருக்கிறது.

நோர்வேயில் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் 1969இல் கண்டறியப்பட்டது. முதல் எண்ணெய் வந்த 1971ஆம் ஆண்டிலேயே அந்த நாட்டின் நாடாளுமன்றக் குழு, எண்ணெய் யாருக்காக, எந்த நெறியில் என்று பத்துக் கொள்கைகளை வகுத்தது. எண்ணெய்த் தொழிலால் மீன்பிடி இடம் இழக்கும் மீனவருக்கு இழப்பீடு என்பது அங்கே பெற்றோலியச் சட்டத்தின் ஓர் அத்தியாயம். பணம் பெருகுவதற்கு முன்பே விதி எழுதியதுதான் அவர்களைக் காத்தது.

நமக்கும் அதுவே வேண்டும். அடுத்த ஒப்பந்தம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். ஒரு கிணறும் துளைப்பதற்கு முன், இன்றைய கடலில் என்ன உயிர் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு எடுத்துப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஹேர்ட்மன் காலத்தில் செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாது என்பதில்லை. ஆய்வுக் கப்பல் வரும் நாட்களில் தொழில் இழக்கும் மீனவருக்கு முன்கூட்டியே இழப்பீடு எழுதப்பட வேண்டும். வருமானம் வந்தால் அதில் மன்னார், புத்தளம் கரைகளுக்கு உரிய விழுக்காடு சட்டத்திலேயே இருக்க வேண்டும்; அமைச்சர் மாறினால் மாறும் வாக்குறுதியாக இருக்கக்கூடாது.

பிரிட்டிஷ் அரசுகூட, தன் இலாபத்துக்காகவே ஆனாலும், சுழியோடியின் பங்கை அவன் கண்ணெதிரே வைத்துப் பிரித்தது. சொந்த மக்களால் தெரிவான அரசு அதைவிடக் குறைவாகச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. வாயு வெளியே வரும் நாள் எப்போது என்பதை விலையும் பாறையும் தீர்மானிக்கட்டும். பங்கு என்ன என்பதை நாம் தீர்மானிக்கலாம். அதை இப்போதே எழுதிவிட வேண்டும்.